மீன்தொட்டியில் செடி வளர்க்க எந்த மண் போடலாம்? முதலில் உங்க குழாய்த் தண்ணியைப் பாருங்க

ரிச்சர்ட்ஸ் டவுனில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்களா? காவிரி, போர்வெல், கோடையில் டேங்கர் லாரி என எல்லாத் தண்ணியும் ஒரே சம்ப்பில்தான் கலக்கும். குடிக்க கேன் தண்ணி இருப்பதால் நாம இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனா மீன்தொட்டிக்கு அடிமண் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரர் சொல்வதைவிட உங்கள் சம்ப் சொல்வதுதான் முக்கியம்.

படங்களில் புல்வெளி மாதிரி இருக்கும் தொட்டிகளில் பெரும்பாலும் 'அக்வா சாயில்'தான் இருக்கும். ஜப்பானியர் தகாஷி அமானோ தொடங்கிய ஏடிஏ நிறுவனம் பிரபலமாக்கிய மண் உருண்டைகள் இவை. செடிகளுக்கான சத்து உள்ளேயே இருக்கும். தண்ணியில் உள்ள கார்பனேட் கடினத்தன்மையையும் (கேஹெச்) உறிஞ்சி, பிஹெச்சைக் குறைக்கும். சிக்கலே இங்கேதான். மென்மையான தண்ணியில் இந்த வேலை நெடுநாள் நடக்கும். உப்புப் படியும் போர்வெல் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தால், அந்தத் திறன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்காகக் கொடுத்த காசு வீண்.

இன்னொன்று, புது அக்வா சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளியிடும். பிஹெச் கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். அதனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை மீன் விடக்கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பாதித் தண்ணியை மாற்றவும் வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு ஒவ்வொரு தடவையும் சுமார் 25 லிட்டர். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு கோடையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.

அப்போ என்ன செய்வது? ஒரு கேஹெச் டெஸ்ட் கிட் வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் போதாது, அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கேஹெச் 4-க்குக் கீழே என்றால் அக்வா சாயிலை யோசிக்கலாம். 8-க்கு மேலே என்றால் விட்டுடுங்க. நடுவில் இருந்தாலோ, மாதத்துக்கு மாதம் மாறினாலோ, என் ஓட்டு சாதாரண மணலுக்குத்தான்.

தண்ணீர் ஃபில்டர்களில் போடும் சிலிக்கா மணல், 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் வாங்கலாம். அது தண்ணியின் தன்மையை மாற்றாது. சத்து இல்லையே என்றால், வேர் பக்கத்தில் 'ரூட் டேப்' உர மாத்திரைகளைப் புதைத்துவிட்டால் போதும். கட்டட வேலைக்கான எம்-சாண்ட் மலிவுதான், ஆனால் நுண்தூள் அதிகம், முனைகளும் கூர்மை. மண்ணைக் கிளறித் தின்னும் கோரிடோரஸ் மாதிரி மீன்களுக்கு ஆகாது. பளீரென்ற வெள்ளைக் கல்லைப் பார்த்தால் ரெண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு அல்லது மார்பிள், கடினத்தன்மையை இன்னும் ஏற்றும்.

தோட்டத்துச் செம்மண்ணை ஓர் அங்குலம் பரப்பி மேலே மணலால் மூடும் வழியும் உண்டு. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை அது. செலவு குறைவு. ஆனால் ஒரு செடியைப் பிடுங்கினால் தொட்டியே டீ மாதிரி கலங்கிவிடும். அடிக்கடி இடம் மாற்றி நடுபவர்களுக்குச் சரிப்படாது.

எந்தச் செடி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மரக்கட்டையில் கட்டினாலே வளரும், அடிமண்ணே தேவையில்லை. வேரால் உண்ணும் கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்றவற்றுக்குத்தான் 5 செ.மீ. ஆழமாவது வேண்டும். நம் தென்னிந்திய ஆறுகளிலேயே வளரும் கிரிப்டோகோரைன் இனங்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

60×30 செ.மீ. தொட்டியில் 5 செ.மீ. உயரத்துக்கு 9 லிட்டர் மணல் பிடிக்கும், எடை ஏறக்குறைய 14 கிலோ. வீடு மாறும்போது அதை உள்ளேயே வைத்துத் தொட்டியைத் தூக்காதீங்க, அடிக் கண்ணாடி விரிசல் விடும். மணலை அள்ளிக் கழுவி அடுத்த வீட்டில் மறுபடி போடலாம். பழைய அக்வா சாயில் அள்ளும்போதே சேறாகிவிடும். அதைப் பூந்தொட்டியில் கொட்டிவிடலாம்.