பாலிங்கின் பசியும் ஓர் இளைஞரின் அரசியலும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாலிங் என்றோர் ஊர் உண்டு. சிறு ரப்பர்த் தோட்டங்களே அவ்வட்டாரத்துக் குடியானவர்க்கு வாழ்வு. 1974-ஆம் ஆண்டின் இறுதியில் ரப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. நாளெல்லாம் பால்மரம் வெட்டியும் அடுப்பெரியாத நிலையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகத் திரண்டனர். டிசம்பர் 3-ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகக் கூடினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் அன்வர் இப்ராஹீம். 1947-இல் பினாங்கு மாநிலத்தில் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் மலாய் இயல் பயின்றவர். 1968 முதல் 1971 வரை தேசிய முஸ்லிம் மாணவர் சங்கத்தின் தலைவர். 1974-இல் அவர் மாணவரல்லர். ‘அபிம்’ என்னும் முஸ்லிம் இளைஞர் இயக்கத்தின் தலைவர். விசாரணையின்றிச் சிறையிடும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 22 மாதங்கள் கமுந்திங் முகாமில் அடைபட்டுக் கிடந்தார். அப்போதே பிடிபட்ட பேராசிரியர் சையது ஹுசைன் அலி 1980-இல்தான் வெளியே வந்தார். 1975-இல் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர் வாய்க்குப் பூட்டிடப்பட்டது.

1981-இல் சங்கச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து முழங்கிய அதே அன்வர், 1982-இல் பிரதமர் மகாதீரின் அழைப்பை ஏற்று ஆளுங்கட்சியாகிய அம்னோவில் சேர்ந்தார். தோழர் பலர் திகைத்தனர்.

கலீபா மன்சூர் அளித்த காழிப் பதவியை மறுத்து இமாம் அபூஹனீஃபா சிறை ஏகினார். அவர்தம் மாணாக்கர் அபூயூசுஃபோ ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியானார். இருவர் பெயரையும் நம் மதரஸாக்களில் ஒரே மரியாதையுடன் ஓதுகின்றோம். ஆகவே, பதவியேற்றதையே குற்றமென்பது என் கருத்தன்று. ஏற்றபின் என்ன செய்தார் என்பதே வினா.

செய்தவை உண்டு. 1983-இல் தோன்றிய பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியில் அவர் பங்கு சிறிதன்று. ஆனால், 1987 அக்டோபரில் அதே பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்டோரை அரசு பிடித்தடைத்தபோது, அன்வர் கல்வியமைச்சராக வீற்றிருந்தார். சீனப் பள்ளிகளில் நிகழ்ந்த பதவி நியமனங்களே பூசலைக் கிளப்பியவை. அவை அவர் துறையைச் சார்ந்தவை. கமுந்திங்கின் கதவு எத்தகையது என்று அந்த அமைச்சரவையில் அவரைவிட அறிந்தவர் யார்? ஆயினும் பதவி துறந்தாரில்லை. இதனை நான் எளிதில் கடக்க இயலவில்லை.

1993-இல் துணைப் பிரதமரானார். 1998 செப்டம்பர் 2-ஆம் நாள் மகாதீர் அவரைப் பதவி நீக்கினார், அம்மாதமே கைதானார். முதலில் அவர்மீது பாய்ந்ததும் அந்தப் பாதுகாப்புச் சட்டமே. காவலில் அவரை அடித்துக் கண்ணைக் கருக்கியவர் காவல்துறைத் தலைவரே. நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவருள் ஒருவர் கர்பால் சிங். 1987-இல் அடைபட்டவருள் அவரும் ஒருவர்!

2004-இல் விடுதலை, 2015-இல் மீண்டும் சிறை, 2018-இல் மன்னரின் மன்னிப்பு. 2022 நவம்பர் 24-இல் பிரதமராகப் பதவியேற்றபோது அவருக்கு வயது 75.

மாணவர் வாயைப் பூட்டிய அந்தத் திருத்தமோ, 1986 முதல் 1991 வரை அவர் கல்வியமைச்சராக இருந்தபோதும் அப்படியே நின்றது. மாணவர் அரசியல் கட்சியில் சேரலாம் என்று 2012-இல் அது தளர்த்தப்பட்டபோது, ஆட்சியிலிருந்தது அவரைத் துரத்திய கட்சி. அவர் எதிர்க்கட்சித் தலைவர்.