ஊமத்தைப் புகையிலிருந்து இன்ஹேலர் வரை

ஈளை, இழுப்பு, இளைப்பு, வீசிங் என்று பல பெயர்களில் நம் ஊர்களில் சொல்லப்படும் நோய்தான் ஆஸ்துமா. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் குளிர்காற்றும் புழுதியும் கொங்கு நாட்டில் பலருக்கு இதைத் தூண்டிவிடும். நுரையீரலுக்குச் செல்லும் சிறு குழாய்களின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுவதால் மூச்சு விடுவது சிரமமாகிறது.

இதற்கான இன்ஹேலரைப் பற்றி இன்றும் பயம் இருக்கிறது. "அது கடைசி மருந்து, ஒருமுறை அடித்தால் பழகிவிடும்" என்பார்கள். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. ஆனால் மூச்சின் வழியே மருந்து எடுப்பது நம் மண்ணுக்குப் புதியது அல்ல.

சென்னையிலிருந்து சென்ற மருந்து

தரிசிலும் சாலையோரத்திலும் வளரும் ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிப்பது பழைய இந்திய வழக்கம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை அறிந்திருந்தார். அவர் வழியாக அறிந்த ஜெனரல் ஜென்ட் 1802-ல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக "ஆஸ்துமா சிகரெட்" மேல்நாட்டு மருந்துக் கடைகளில் விற்றது.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் போன்ற பொருட்கள் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். ஆனால் செடிக்குச் செடி அதன் அளவு மாறும். சற்று கூடினாலும் சித்தப்பிரமை, மரணம் வரை கொண்டு போகும். ஆகவே யாரும் இதை முயன்று பார்க்கக் கூடாது. வழி சரியாக இருந்தது, அளவுதான் இல்லை.

அளவு வந்த கதை

1950-களில் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்து ஏன் இல்லை என்று அந்தச் சிறுமி கேட்டாள். 1956-ல் அளந்து அடிக்கும் முதல் இன்ஹேலர் வந்தது. ஆனால் 1960-களில் பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்கள் அதிகரித்தன. அப்போது விற்ற அதிக வீரியமுள்ள ஐசோபிரினலின் இன்ஹேலர் மீது சந்தேகம் விழுந்தது. 1969-ல் டேவிட் ஜாக் குழுவினர் கண்டுபிடித்த சால்பியூட்டமால் விற்பனைக்கு வந்தது. இது இதயத்தை விட மூச்சுக்குழாயிலேயே அதிகம் வேலை செய்யும்.

சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேராக நுரையீரலுக்குப் போவதால் இவ்வளவு குறைவு போதும். பயப்படுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பஞ்சு ஊரின் பாடம்

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் பஞ்சாலை தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயும் ஆஸ்துமா போலவே நெஞ்சை இறுக்கும். ஆனால் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் அது அதிகம். எனவே ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் வேலையை மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

பயன்படுத்தும் முறை

இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். சிறுவர்களுக்கு ஸ்பேசர் குழாய் நல்லது. சில நிமிடங்களில் நிம்மதி தெரியும். தெரியாவிட்டால், பேசவே மூச்சு திணறினால், உதடு நீலமானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நிவாரண இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. அதனால் சால்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர வேண்டும் என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

ஊமத்தைப் புகையை இழுத்தவர்களுக்கு எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. இன்று ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அளவு தெரியும். இதைச் சட்டைப்பையில் மறைத்து வைக்க வெட்கப்பட என்ன இருக்கிறது?