பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்கான சங்கங்களும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் நுழைவாயிலாகவும் காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் வழியாகவும் இவ்வூரைப் பலர் அறிவர். இவ்வடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் இராஜபாளையம் பகுதியிலிருந்தும் இராணுவத்தில் சேர்ந்து பணியாற்றித் திரும்பிய ஒருவர் காலமானால், அவருடைய மனைவி உதவி கேட்டுச் செல்ல வேண்டிய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. சிவகாசி வழியாகப் பேருந்தில் போய் வர ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். அவருக்கும் அந்த அலுவலகத்துக்கும் இடையிலுள்ள தூரம் சாலையின் தூரம் மட்டுமன்று. எந்தத் தாளை எடுத்துச் செல்வது, எதைக் கேட்பது என்று அறியாமையே பெரிய தூரம். அதைக் குறைப்பதற்காகத் தோன்றிய அமைப்புகளின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது பயனுடையது.

முதல் உலகப்போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. திரும்பியோரையும், திரும்பாதவர்களின் குடும்பங்களையும் கவனிக்க ஆங்கிலேய அரசு 1919இல் இந்தியப் படைவீரர் வாரியத்தை நிறுவியது. அதன்கீழ் மாவட்டந்தோறும் வாரியங்கள் ஏற்பட்டன. இன்று கேந்திரிய சைனிக் போர்டு எனப்படும் மத்திய வாரியமும், ஆட்சியரின் பொறுப்பில் இயங்கும் மாவட்ட அமைப்புகளும் அந்த மரத்தின் கிளைகளே.

பிரிட்டனில் நடந்தது வேறு. அங்கே படையிலிருந்து திரும்பியவர்கள் தாமே சங்கங்கள் அமைத்தார்கள். அவற்றுள் நான்கு 1921இல் ஒன்றாகிப் பிரிட்டிஷ் லீஜியன் ஆயிற்று. பாப்பி மலரை நெஞ்சில் குத்திக்கொண்டு நிதி திரட்டும் வழக்கமும் அவ்வாண்டிலேயே அங்குத் தொடங்கியது. நம் நாட்டிலோ அமைப்பு மேலிருந்து வந்தது. படைவீரரின் நலனோடு, அடுத்த போருக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். குடும்பம் பட்டினி கிடக்கும் ஊரிலிருந்து இன்னொரு பிள்ளை படைக்கு வரமாட்டான் அல்லவா!

இரண்டாம் உலகப்போர் இந்த ஏற்பாட்டின் போதாமையைக் காட்டியது. 25 இலட்சம் பேர் கொண்டதாகப் பெருகிய படை, போர் முடிந்ததும் விரைவாகக் குறைக்கப்பட்டது. ஓய்வூதியத்துக்குத் தேவையான பணிக்காலம் நிறைவுறும் முன்பே பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். பதக்கமும் விடுவிப்புச் சான்றும் கையிலிருக்க, மாதவருமானம் எதுவுமின்றி அவர்கள் முதுமையடைந்தார்கள். இத்தகையோருக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு உள்ளிட்ட மாநில அரசுகள் பின்னாளில் வாழ்நாள் மாத உதவித்தொகை வழங்கின. 65 வயது கடந்த, ஓய்வூதியமில்லாத வறியோருக்கு மத்திய வாரியமும் வறுமை நிவாரணம் அளிக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2025 நவம்பரிலிருந்து 8,000 ரூபாய் ஆக்கப்பட்டது.

இவர்களைவிடவும் நிர்க்கதியாக நின்றவர்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் ஆகிய மூவரும் செங்கோட்டையில் ஒருசேர விசாரிக்கப்பட்ட வழக்கை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் ஒரே கூண்டில் நின்றது நாட்டையே எழுப்பியது. ஆனால் வழக்கு முடிந்தபின் ஊர் திரும்பிய சாதாரண வீரருக்கு எந்த வாரியமும் கதவு திறக்கவில்லை. காங்கிரஸ் அமைத்த நிவாரணக் குழுவின் உதவியே அவர்களுக்கு அன்று கிடைத்தது. மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் 1972இல்தான் வந்தது. கால் நூற்றாண்டு என்பது ஒரு மனிதனின் உழைக்கும் வயது முழுவதும் ஆகும்.

விடுதலைக்குப் பின், 1949இல், டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாக அறிவிக்கப்பட்டது. தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்குக் கருநீலம், வான்படைக்கு வெளிர்நீலம் என மூன்று நிறம் கொண்ட சிறு கொடியைப் பள்ளியில் வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சில்லறைதான் இன்றும் விதவையருக்கும் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் உதவியாகச் செல்கிறது. ஓய்வுபெற்ற வீரர்களே கூடி நடத்தும் அகில இந்திய அமைப்பான இந்திய முன்னாள் படைவீரர் லீக், ஜெனரல் கரியப்பாவின் முயற்சியால் 1964இல் உருவாயிற்று. தமிழக அரசு 1986இல் டெக்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கி, முன்னாள் வீரர்களுக்குக் காவற்பணி முதலிய வேலைகளைப் பெற்றுத் தந்தது. மருத்துவத்துக்கான இ.சி.எச்.எஸ். திட்டம் 2003இல் வந்தது.

1965 போரில் கேம் கரண் களத்தில் பாகிஸ்தானின் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்ட அவர் மனைவி ரசூலன் பீவியை நாடு அறியும். பெயர் வெளிவராத விதவையருக்கோ அருகிலிருக்கும் சங்கமே துணை. ஒவ்வோராண்டும் உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும். ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்னும் இணையவழி ஏற்பாட்டுக்கு மாறிவிட்டது. கைவிரல் ரேகை தேய்ந்துபோன மூதாட்டிக்கு அந்த இயந்திரம் பெருஞ்சோதனை. பக்கத்துத் தெருவின் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் உடன் சென்று, மனு எழுதி, பதிலுக்கு மறுபடியும் நடப்பதையே நாம் சேவை என்கிறோம். அறிக்கைகளில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

நம் சமுதாயக் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நிக்காஹ் பதிவேட்டில் 'ஆயிஷா பீவி', குடும்ப அட்டையில் 'ஆயிஷாம்மாள்', ஆதாரில் 'ஆயிஷா பேகம்', படைப்பிரிவின் எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியது இன்னொன்று என ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர்கள் இருப்பது நம்மிடையே சாதாரணம். கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் தடைபடுவது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்து வேறுபாட்டால்தான். அவர் உயிரோடிருக்கையிலேயே, பணிவிடுவிப்புப் புத்தகத்தில் மனைவி, மக்களின் பெயரும் பிறந்த தேதியும் எவ்வாறு பதிவாகியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வேறுபாடிருப்பின், மாவட்ட நல அலுவலகத்தின் வழியாக, ஜமாஅத் தரும திருமணச் சான்றையும் உறுதிமொழி ஆவணத்தையும் இணைத்து, அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்களுக்கு அந்த அலுவலகம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது.