தாண்டா: பொதிமாடுகளோடு நகர்ந்த ஊர்

தெலங்கானா, ஆந்திரம், வடகருநாடகம், மராட்டியத்தின் விதர்ப்பா, மராத்வாடா ஆகிய பகுதிகளில் பயணம் செய்பவர்கள் 'தாண்டா' என்று முடியும் ஊர்ப்பெயர்களைப் பல இடங்களில் காணலாம். பெரும்பாலும் தாய்க் கிராமத்திலிருந்து சற்று விலகி, மேட்டு நிலத்திலோ காட்டின் ஓரத்திலோ அமைந்த சிற்றூர்கள் அவை. அங்கு வாழ்பவர்கள் இடத்துக்கு ஏற்ப லம்பாடி, லம்பாணி, சுகாலி, பஞ்சாரா என்று அழைக்கப்படுகின்றனர். தம்மைத் தாமே அவர்கள் 'கோர்' என்று குறிப்பிட்டுக்கொள்கின்றனர். தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் இம்மக்களின் குடியிருப்புகள் உண்டு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் 'தாண்டா' என்ற சொல் எந்த ஊரையும் குறிக்கவில்லை. முதுகில் பொதி சுமந்து செல்லும் ஆயிரக்கணக்கான மாடுகளும், அவற்றோடு நடக்கும் குடும்பங்களும், நாய்களும், தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்ந்த பெரும் வணிகக் கூட்டத்துக்கே அப்பெயர் வழங்கியது. நகர்வதைக் குறித்த சொல் நிலைத்து நிற்பதைக் குறிக்கலானது எப்படி என்ற கேள்விக்கான விடையில் இந்திய வேளாண் வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி அடங்கியுள்ளது.

பழைய இந்தியாவில் தொலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. ஆறும் கடலும் வாய்த்த இடங்களில் படகு. நல்ல தடம் இருந்த சமவெளிகளில் வண்டி. மற்ற எல்லா இடங்களிலும் பொதிமாடு. தக்காணத்தின் கணவாய்களிலும் கரிசல் மண்ணிலும் வண்டிச் சக்கரம் எளிதில் உருளாது. மாட்டின் குளம்பு எங்கும் போகும். பட்டு, நறுமணப் பொருள் போன்ற விலை கூடிய சரக்குகளுக்குக் கூலி ஒரு பொருட்டன்று. தானியமும் உப்பும் அப்படியல்ல. எடை மிகுந்து விலை குறைந்த பொருள்கள் அவை. நூறு காதம் சுமந்து சென்றால் கூலியே பொருளின் விலையை விழுங்கிவிடும். அந்தக் கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்தது பஞ்சாராக்களின் முறை. மாட்டுக்குத் தீவனம் வாங்குவதில்லை. போகும் வழியெங்கும் மேய்த்துக்கொண்டே செல்வார்கள். சுமையாளுக்குத் தனிக் கூலியும் இல்லை. குடும்பமே உடன் நடக்கும்.

1630-களின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயணம் செய்த ஆங்கில வணிகர் பீட்டர் மண்டி, கோதுமை, அரிசி போன்ற தானியங்களைச் சுமந்த 14,000 மாடுகள் கொண்ட ஒரு தாண்டாவை எதிர்கொண்டதாகக் குறித்துள்ளார். பெண்களும் குழந்தைகளும் உடன் சென்றதையும், நாளொன்றுக்கு ஆறேழு மைல்களுக்கு மேல் அவர்கள் நடப்பதில்லை என்பதையும், பொதியை இறக்கியபின் மாடுகளை மேய்ச்சலுக்கு விட்டுவிடுவதையும் அவர் பதிவு செய்தார். மேய்ச்சலுக்கு நிலம் தாராளமாக இருந்தது, தடுப்பாரும் இல்லை என்பதும் அவர் குறிப்பில் உண்டு. மாடு ஒன்றுக்கு நூறு கிலோ என்று வைத்தாலே, அந்த ஒரு தாண்டா சுமந்தது 1,400 டன் தானியம்.

அந்த மெதுவான நடையில் ஒரு கணக்கு இருந்தது. பத்துக் கிலோமீட்டர் நடந்தபின் மிச்சமிருக்கும் பகற்பொழுது முழுவதும் மாட்டின் மேய்ச்சலுக்கு உரியது. விரைந்து ஓட்டினால் மாடு மெலியும். மெலிந்த மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டிவரும். வாங்கினால் தானியத்தின் விலை ஏறும். மழைக்காலத்தில் பயணம் நிற்கும். மேட்டுப்பாங்கான புல்வெளியில் தங்கி மாடுகளைத் தேற்றுவார்கள்.

தாண்டாவின் தலைவர் நாயக் எனப்பட்டார். எந்த வழியில் செல்வது, எங்கே தங்குவது, யாரோடு என்ன விலைக்குப் பேசுவது ஆகியவற்றை அவர் முடிவு செய்தார். உள்வழக்குகளும் அவர் முன்னிலையிலேயே தீர்ந்தன. கூட்டத்தின் முன்னால் சோழியும் மணியும் சிவப்புத் துணியும் அணிந்த ஒரு காளை செல்லும். சில பிரிவினரிடம் அது தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட காளை. அதன் முதுகில் சுமை ஏற்றுவதில்லை. நோயுற்றவரை அதன் காலடியில் கொண்டுவந்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

சரக்கின் பெயரே இவர்களின் பெயராயிற்று என்பது பல அறிஞர்களின் கருத்து. உப்பைக் குறிக்கும் 'லவணம்' என்ற வடசொல்லிலிருந்து லபானா, லமாணி, லம்பாடி ஆகிய பெயர்கள் தோன்றியிருக்க வேண்டும் என்பர். கடற்கரையின் உப்பு தக்காணத்தின் உள்ளூர்களுக்கு இவர்கள் வழியாகவே சென்றது. திரும்பும் வழியில் தானியமும் பருத்தியும் ஏறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரார் நாட்டுப் பருத்தி, கங்கைக் கரையில் உள்ள மிர்சாப்பூர் வரை ஏறத்தாழ 500 மைல் தொலைவு பொதிமாடுகளின் முதுகில் பயணம் செய்தது.

ஒரு கிராமத்துக்குத் தாண்டாவின் வருகை பல வகையில் பயன்பட்டது. வரியைப் பணமாகக் கட்ட வேண்டிய உழவர், அறுவடை விளைச்சலை வாங்க ஆள் இல்லாவிட்டால் உள்ளூர் வட்டிக்காரரிடம் சிக்குவார். தாண்டா வந்தால் விளைச்சலுக்குத் தொலைதூரச் சந்தை ஒன்று வாசலுக்கே வந்ததாகும். உப்பு கிடைக்கும். உழவு மாடு கிடைக்கும். மாடு வளர்ப்பதும் விற்பதும் பஞ்சாராக்களின் மற்றொரு தொழில். அறுவடை முடிந்த வயலில் தாளை மேயும் மாடுகள் சாணத்தையும் மூத்திரத்தையும் அந்த நிலத்திலேயே விட்டுச் செல்லும். தமிழக உழவர்கள் 'கிடை' என்று அறிந்திருக்கும் உறவின் மற்றொரு வடிவம் இது. மராத்தியில் 'காய்ரான்', தெலுங்கில் 'பஞ்சராயி', தமிழில் 'மேய்ச்சல் புறம்போக்கு' என்று மேய்ச்சல் நிலத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் தனிப் பெயர் இருக்கிறது. கால்நடை மேய்வதற்கென நிலத்தை உழாமல் ஒதுக்கிவைத்தது கிராமத்தின் சொந்த ஏற்பாடு.

இதனை மிகைப்படுத்திக் காணவும் கூடாது. பஞ்சாராக்கள் வணிகர்கள். விலை கூடிய இடத்தை நோக்கியே அவர்களும் நடந்தனர். பயிரில் மாடு இறங்கிய சண்டைகளும் திருட்டுப் புகார்களும் இருந்தன. மழை பொய்த்த ஆண்டில் வழியில் புல்லும் நீரும் இல்லாதபோது, தானியம் மிகத் தேவைப்படும் இடத்துக்கே தாண்டாவால் போக முடியாமல் போகும். ஆயினும் உழுபவரும் ஓட்டிச் செல்பவரும் ஒரே பொருளியலின் இரு பகுதிகளாக இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

அரசுகள் இவர்களின் அருமையைத் தெளிவாக அறிந்திருந்தன. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லியில் தானிய விலையைக் கட்டுப்படுத்த முயன்ற அலாவுதீன் கில்ஜி, தானியம் கொண்டுவரும் வணிகக் கூட்டத்தாரின் தலைவர்களைப் பிடித்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, குடும்பங்களோடும் கால்நடைகளோடும் யமுனைக் கரை ஊர்களில் குடியமர்த்தினார் என்று ஜியாவுதீன் பரனி எழுதுகிறார். இவர்களைப் பஞ்சாராக்களின் முன்னோடிகளாக வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில், ஆயிரக்கணக்கில் மாடுகளை வைத்திருக்கும் பஞ்சாராக்கள் ஊர்களிலிருந்து நகரங்களுக்குத் தானியம் கொண்டுவருவதையும் படைகளோடு செல்வதையும் குறிப்பிடுகிறார்.

படைக்கு அவர்கள் எவ்வளவு இன்றியமையாதவர்கள் என்பதை மூன்றாம் மைசூர்ப் போர் காட்டியது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயில் வரை சென்ற கார்ன்வாலிஸ் முற்றுகையைத் தொடர முடியாமல் திரும்பினார். உணவு தீர்ந்தது, இழுவை மாடுகள் நோயிலும் பட்டினியிலும் மடிந்தன, இழுத்துச் செல்ல வழியில்லாததால் கனத்த பீரங்கிகளை ஆங்கிலேயர் தாமே அழித்துவிட்டுப் போக நேர்ந்தது. அடுத்த படையெடுப்புக்குப் பஞ்சாராக்களைத் திரட்டித் தானிய வழியை உறுதிசெய்தபின், 1792 பிப்ரவரியில் அவர் மீண்டும் வந்தார். திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்து உடன்படிக்கை செய்துகொண்டார். 1803-இல் மராட்டியருக்கு எதிராகப் போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லியும் தம் படையின் உணவுக்குப் பஞ்சாராக்களைச் சார்ந்திருந்தார். தக்காணத்தில் கம்பெனி ஆட்சி நிலைபெற்றதில் இந்தப் பொதிமாடுகளுக்கும் பங்குண்டு.

அந்த ஆட்சியே அவர்களின் நடையை நிறுத்தியது. அது ஒரே நாளில் நடந்ததன்று. ஒரே ஆணையால் நடந்ததும் அன்று. நான்கு மாற்றங்கள் அரை நூற்றாண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

முதலாவது உப்பு. உப்பின் மீது வரி விதித்த அரசு, வரி செலுத்தாத உப்பு நுழையாதவாறு உள்நாட்டுச் சுங்க எல்லை ஒன்றை அமைத்தது. 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல்களுக்கு அது நீண்டது. அதன் பெரும்பகுதி முள்வேலியாலும் உயிர்வேலியாலும் ஆனது. ஏறத்தாழ 12,000 பேர் காவல் இருந்தனர். 1879-இல் அது கைவிடப்பட்டது. ஆனால் உப்பின் மீதான அரசின் பிடி தளரவில்லை.

இரண்டாவது இருப்புப்பாதை. 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில், 1870-இல் பம்பாயையும் கல்கத்தாவையும் இணைத்துவிட்டது. பொதிமாடு பல வாரங்களில் கடந்த தொலைவை அது இரண்டொரு நாளில் கடந்தது. ரயில் எட்டாத இடங்களில் தாண்டாக்கள் மேலும் சில பத்தாண்டுகள் நடந்தன; முதன்மை வழிகள் கைவிட்டுப் போயின.

மூன்றாவது மேய்ச்சல் நிலம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பேராரின் கரிசல் வெளிகள் பருத்திக் காடுகளாயின. 1878-ஆம் ஆண்டு வனச்சட்டமும், 1882-ஆம் ஆண்டு சென்னை மாகாண வனச்சட்டமும் காடுகளை ஒதுக்கி, மேய்ச்சலை அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தின. மண்டி கண்ட தடுப்பாரற்ற வெளி முடிந்தது. வழியில் இலவசமாக மேய முடியாத பொதிமாடு வணிகத்துக்கு உதவாது.

நான்காவது சட்டம். 1871-இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம், ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றப்பரம்பரை என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அந்த அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல முடியாது. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊரை விட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பல பகுதிகளில் பஞ்சாராக் குழுக்கள் இதன்கீழ் வந்தன. உப்பும் தானியமும் விற்றுத் திரிந்த குறவர்களும் இதே கதிக்கு ஆளாயினர். வருவாயை இழந்தவர்களில் சிலர் திருட்டில் இறங்கியிருக்கக்கூடும். ஆனால் சட்டம் தண்டித்தது செயலை அன்று; நடமாட்டத்தை. பேரார்ப் பஞ்சாராக்களைப் பற்றிய தொடக்ககால விரிவான நூலொன்றை 1882-இல் எழுதியவர் கம்பர்லெஜ் என்ற காவல்துறை அதிகாரி என்பதே காலத்தின் போக்கைக் காட்டும். இரு தலைமுறைக்கு முன் படைத்தளபதிகளின் கடிதங்களில் இடம்பெற்றவர்கள், இப்போது காவலரின் ஏடுகளில் இடம்பெற்றனர்.

இவ்வாறாகத் தாண்டா நின்றது. எங்கெங்கு நின்றதோ அங்கங்கே குடிசைகள் எழுந்தன. அவ்விடத்துக்கே அப்பெயர் நிலைத்தது. நல்ல நிலமெல்லாம் முன்பே பிறர் வசம் இருந்ததால் மேடும் கல்லும் காட்டோரமும் இவர்களுக்கு வாய்த்தன. சிலர் மாடு வளர்த்து விற்றனர். பலர் விறகு வெட்டவும் மண் வேலைக்கும் கூலி உழவுக்கும் சென்றனர். கிராமமும் இழந்தது. விளைச்சலுக்கு இனி ரயில் நிலையத்துத் தரகரே விலை சொன்னார். 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தில், புதிய இருப்புப்பாதை பஞ்சப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுவந்ததோடு, உள்ளூர்த் தானியத்தை விலை கூடிய இடங்களுக்கு வெளியேற்றவும் செய்தது.

1952 ஆகஸ்ட் 31-இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. அதன்பின் வேறொரு சிக்கல் தொடங்கியது. மாநிலங்களுக்கு இடையே நடந்து வாழ்ந்த ஒரே மக்கள், மாநில எல்லைகளால் பிரிக்கப்பட்டுப் பல பட்டியல்களில் வைக்கப்பட்டனர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். கருநாடகத்தில் பட்டியல் சாதியினர். மராட்டியத்தில் 'விமுக்த ஜாதி'. ஒரே மொழி பேசி, ஒரே குலப்பெயர் தாங்கி, எல்லைக்கு இருபுறமும் மணவுறவு கொண்ட குடும்பங்களின் உரிமைகள் இவ்வாறு வேறுபட்டன.

அவர்களின் மொழி இராசத்தானி மொழிகளோடு உறவுடையது. தனி எழுத்து இல்லாதது. ஆதலால் இந்த வரலாற்றின் எழுத்துச் சான்றுகளைப் பேரரசர், பயணி, தளபதி, காவல் அதிகாரி ஆகிய பிறரே எழுதிவைத்தனர். நடந்தவர்களின் நினைவு பாடலிலும், பதினெட்டாம் நூற்றாண்டில் மாடு மேய்த்து வாழ்ந்தவராகப் போற்றப்படும் சேவாலால் மகானைப் பற்றிய கதைகளிலும் உள்ளது. வாசிம் மாவட்டத்துப் போரா தேவியில் ஆண்டுதோறும் கூடும் மக்கள் இன்றும் அவற்றைப் பாடுகின்றனர்.

2018-இல் தெலங்கானா அரசு நூற்றுக்கணக்கான தாண்டாக்களைத் தனி ஊராட்சிகளாக்கியது. நகரும் கூட்டத்தின் பெயர் அரசு ஏட்டில் ஊரின் பெயராக முழுமை பெற்ற தருணம் அது. ஆனால் நடை முற்றிலும் நிற்கவில்லை. மராத்வாடாவின் தாண்டாக்களிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் பல பஞ்சாராக் குடும்பங்கள் மேற்கு மராட்டியத்தின் சர்க்கரை ஆலைகளை நோக்கிக் கரும்பு வெட்டப் புறப்படுகின்றன. கணவன், மனைவி, குழந்தைகள், பாத்திரங்கள் எல்லாம் உடன் செல்கின்றன. சிலரிடம் இன்றும் ஒரு சோடி மாடு இருக்கிறது. மாட்டின் முதுகில் ஏறிய பொதி ஒரு காலத்தில் அவர்களுடையது. இன்று வண்டியில் ஏறும் கரும்பு ஆலைக்குரியது.