உப்பளத்திலிருந்து மீன்தொட்டிக்கு: ஆர்ட்டீமியாவின் வரலாறு

வண்ணமீன் வளர்ப்போரும் இறால் பொரிப்பகத்தாரும் ஆர்ட்டீமியா என்று அழைக்கும் உயிர், பேச்சுவழக்கில் உப்புநீர் இறால் எனப்பட்டாலும், நாம் உண்ணும் இறாலுக்கு நெருங்கிய உறவுடையதன்று. சுமார் 1 சென்டிமீட்டர் நீளமும் ஓடற்ற மெல்லுடலும் கொண்டு, இலை போன்ற கால்களாலேயே நீந்தி, உணவைச் சலித்து, மூச்சும் விட்டு, மல்லாந்த நிலையில் மிதந்து செல்லும் இவ்வுயிருக்குத் தன்னைத் தின்ன வரும் மீனிடமிருந்து தப்பும் வழி எதுவுமில்லை என்பதால், மீன் பிழைக்க முடியாத அளவுக்கு உப்பேறிய ஏரிகளும் உப்பளங்களுமே அதன் புகலிடங்களாக அமைந்தன. எனவே ஆர்ட்டீமியாவின் வரலாற்றை உப்புத் தொழிலின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

ஐரோப்பிய அறிவியல் இதனை முதலில் பதிவு செய்ததும் ஓர் உப்பளத்தில்தான். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்டன் உப்பளங்களில் கண்ட இவ்வுயிரை ஷ்லோசர் என்பவர் 1750களின் நடுவில் விவரித்தார். லின்னேயஸ் 1758இல் அதனை நண்டினத்தோடு சேர்த்துப் பெயரிட, 1819இல் லீச் என்னும் விலங்கியலாளர் ஆர்ட்டீமியா என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். லிமிங்டன் உப்புத் தொழிலாளர்களோ அறிஞர்களுக்கு முன்பே அதை நன்கறிந்திருந்தனர். அது இருக்கும் பாத்தியில் நீர் தெளிந்து நிற்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. நீரைக் கலக்கும் நுண்பாசியைத் தின்றே அது வாழ்கிறது என்று பிற்கால அறிவியல் கண்டதோடு இது முழுமையாகப் பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிமிங்டன் உப்பளங்கள் மூடப்பட்டபோது, பாத்திகளோடு சேர்ந்து அங்கிருந்த ஆர்ட்டீமியாவும் அழிந்தது.

இதைத் தீனிப் பொருளாக்கியது இதன் முட்டையின் இயல்பாகும். வாழும் சூழல் சாதகமாக இருக்கும்போது பெண் ஆர்ட்டீமியா உயிர்க்குஞ்சுகளையே ஈனும். உப்பு மிகுந்தோ, உயிர்வளி குறைந்தோ, குளிர் நெருங்கியோ சூழல் கெடும்போது, கருவளர்ச்சி பாதியில் நின்றுபோன, தடித்த பழுப்பு உறை மூடிய உறைமுட்டைகளை இடும். பொரிப்பகங்களில் சிஸ்ட் எனப்படும் இவ்வுறைமுட்டை மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே உடையது. ஒரு கிராமில் இரண்டு முதல் மூன்று லட்சம் வரை அடங்கும். முறையாக உலர்த்திக் காற்றுப் புகாமல் அடைத்துவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாத இவை, உப்புநீரில் இட்ட ஒரு நாளுக்குள் உயிர்த்துடிப்புள்ள குஞ்சுகளாக வெளிவரும். உயிருள்ள தீனியைப் பலசரக்கு போல டப்பாவில் அடைத்துக் கடல் கடந்து விற்க முடிந்தது இந்த ஒரே காரணத்தால்தான்.

அதுவரை முட்டையிடும் வண்ணமீன்களின் குஞ்சுகளுக்குக் குளத்து நுண்ணுயிர்களையே தேடித் தர வேண்டியிருந்த நிலையில், சான் ஃப்ரான்சிஸ்கோ நகரின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தை நடத்திய ஆல்வின் சீல், ஆர்ட்டீமியா மீன்களுக்குத் திருப்தியான உயிர்த்தீனி என்பதை 1933இல் வெளியிட்டார். நார்வே நாட்டின் குன்னார் ரோலெஃப்சன் 1939இல் கடல்மீன் குஞ்சுகளுக்கும் இது ஏற்றது என்று காட்டினார். அன்று வகுத்த முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. கூம்பாகக் குறுகும் அடிப்பகுதியுடைய கலனில், லிட்டருக்கு 25 முதல் 35 கிராம் உப்பு கரைத்த நீரை ஊற்றி, 28 பாகை செல்சியஸ் வெப்பமும் நல்ல வெளிச்சமும் கிடைக்கச் செய்து, அடியிலிருந்து காற்றுக்குழாயால் முட்டைகள் படியாதபடி கொதிப்பது போல் கலக்கிக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நீர் ஆரஞ்சு நிறமாகும். காற்றை நிறுத்திச் சில நிமிடங்கள் விட, வெற்று உறைகள் மேலே மிதக்கும், பொரியாதவை அடியில் படியும், ஒளியை நாடும் இயல்புடைய குஞ்சுகள் கலனின் அடிப்பக்கம் காட்டிய விளக்கை நோக்கித் திரளும். அவற்றைக் குழாயால் இறக்கி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசியபின் தொட்டியில் இட வேண்டும். நாப்ளி எனப்படும் இக்குஞ்சு முதல் நிலையில் வாயால் எதையும் உண்ணாமல் உடலிலுள்ள கருவுணவை மட்டுமே செலவிட்டு வாழ்வதால், மணிக்கு மணி அதன் சத்து குறைகிறது. பொரித்த உடனே ஊட்டுவதே சிறப்பு என்னும் பழைய அறிவுரைக்கு இதுவே காரணம்.

1950களில் வணிகம் தொடங்கியபோது உறைமுட்டைகள் இரண்டே இடங்களிலிருந்து வந்தன: ஒன்று சான் ஃப்ரான்சிஸ்கோ விரிகுடாவின் உப்பளங்கள், மற்றது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரும் உப்பு ஏரி. பின்னது காலப்போக்கில் உலகச் சந்தையையே ஆண்டது. இலையுதிர்காலத்தில் கோடிக்கணக்கில் மிதக்கும் உறைமுட்டைகளைக் காற்று ஒதுக்கிச் செம்பழுப்புப் பட்டைகளாகத் திரட்ட, சிறு விமானங்களிலிருந்து அவற்றைக் கண்டு சொல்லும் விமானிகளின் குறிப்பைக் கொண்டு படகுகள் விரைந்து சென்று, கடலில் கொட்டிய எண்ணெயை வளைக்கப் பயன்படும் மிதவை வேலிகளாலேயே அப்பட்டைகளை வளைத்து, பைகளில் அள்ளும் அறுவடை அங்கே வளர்ந்தது. பின்னர் மாநில அரசு உரிமங்களை 79 என வரையறுத்தது. பருவத்தையும் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை எனக் குறித்தது. லிட்டர் நீரில் எஞ்சிய முட்டைகள் 21க்குக் கீழே இறங்கினால் அறுவடையை நிறுத்தவேண்டும் என்ற விதி, அடுத்த ஆண்டுக்குரிய விதையை ஏரியிலேயே விட்டுவைக்கும் உழவனின் நெறியை ஒத்தது. இத்தொழில் கற்ற மிகச் சிறந்த பாடம் இதுவே எனலாம். ஆயினும் ஏரியின் நலன் அறுவடையாளரின் கையில் மட்டும் இல்லை. 1959இல் ரயில்பாதைக்காகக் கொட்டிய பாறைக் கரை ஏரியை இரண்டாகப் பிரித்ததால், ஆறுகள் வந்து சேராத வடபகுதி ஆர்ட்டீமியா தழைக்க முடியாத அளவுக்கு உப்பேறியது. வறட்சியும் பாசனத்துக்கு ஆற்றுநீர் எடுத்தலும் சேர்ந்து 2022 நவம்பரில் நீர்மட்டத்தை இதுவரை கண்டிராத தாழ்வுக்குக் கொண்டுவந்தபோது தென்பகுதியும் அதே நிலையை நெருங்க, வடபகுதியின் உப்புநீர் கலப்பதைத் தடுக்கும் பொருட்டுக் அந்தப் பாறைக் கரையில் நீர் கடக்க விட்ட திறப்பிலுள்ள தடுப்பை உயர்த்தும்படி 2023இல் மாநில ஆளுநர் ஆணையிட்டார்.

இவ்விரு தோற்றுவாய்களை மட்டுமே நம்பி உலகமெங்கும் மீன், இறால் பொரிப்பகங்கள் பெருகியதன் விளைவு 1970களிலேயே தெரிந்தது. கிலோவுக்கு 10 டாலரையும் எட்டாதிருந்த விலை 50 முதல் 100 டாலர் வரை ஏறியது. 1976இல் கியோட்டோவில் நடந்த உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் நீர்வாழ் உயிரி வளர்ப்பு மாநாட்டில் இப்பற்றாக்குறை முக்கியப் பேச்சாயிற்று. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சோர்கெலூஸ் முன்னின்று உருவாக்கிய ஆய்வு மையம், ஆர்ட்டீமியா இல்லாத உப்பளங்களில் அதனைப் புதிதாக விதைக்கும் வழியை வளர்த்தது. பிரேசிலின் மக்காவு உப்பளங்களில் 1977இல் சான் ஃப்ரான்சிஸ்கோ இனம் விடப்பட்டது. வியட்நாமின் மெக்காங் கழிமுகத்து வின் சாவ் பகுதியில், கன் தோ பல்கலைக்கழகத்தின் துணையோடு, மழையற்ற மாதங்களில் உப்போடு உறைமுட்டையும் விளைவிக்கும் முறை 1980களில் வேரூன்றி உப்பளத்தாருக்குக் கூடுதல் வருவாய் தந்தது.

இவ்வளவு பயனுள்ள அறிவுக்கு மறுபக்கமும் இருந்தது. தூத்துக்குடி உள்ளிட்ட இந்திய உப்பளங்களில் முன்பே வாழ்ந்தது கன்னியினப்பெருக்க வகை, அதாவது ஆணின் துணையின்றிப் பெண்ணே பெண் குஞ்சுகளை ஈனும் வகை. இறக்குமதியான அமெரிக்க இனமான ஃப்ரான்சிஸ்கானா, வேகமாகப் பெருகும் இயல்பால் பல நாடுகளில் உள்ளூர் வகைகளை நெருக்கி விரட்டியது. இந்திய உப்பளங்களிலும் அது குடியேறியிருப்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. உள்ளூர் வகையில் ஆண்கள் மிக அரிது என்பதால், ஒரு பாத்தியில் அள்ளிய நீரில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தால், அங்கே வந்திருப்பது வேற்றினம் என்று ஆய்வாளர் ஐயுறத் தொடங்குகின்றனர்.