எல்லைத் தமிழரும் இரு திருச்சபைகளும்

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ கேரளத்துள் புகுவோர் முதலில் காண்பது சித்தூர் வட்டமாகும். சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் உள்ள ஊரும் இதுவே. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி எனத் தமிழ் ஒலிக்கும் சிற்றூர்கள் நிறைந்த வட்டமும் இதுவே. கொச்சி இராஜ்யத்தின் ஏனைய பகுதிகளோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்த இவ்வட்டம், 1957இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. ஆனைமலைத் தொடரின் வடபுறத்தே சித்தூர் இருப்பது போலத் தென்புறத்தே தேவிகுளமும், அதற்கும் தெற்கே பீர்மேடும் இருக்கின்றன. இன்று இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்விரண்டும் தேயிலைத் தோட்டங்களால் ஆகிய தமிழ்நிலங்கள்.

இவ்வெல்லைப் பகுதிகளில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் மரபினரும் ஆகிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றனர். அவர்களிடையே நிலவிய உறவு எத்தகையது? தேர்தல் அரசியல் அவ்வுறவை எவ்வாறு பாதித்தது? வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு என்பதைப் போகப்போகக் காண்போம்.

1534இல் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி தன்னையே தன் நாட்டுத் திருச்சபையின் தலைவனாக அறிவித்துக்கொண்டதில் தோன்றியது இப்பிளவு. 1896இல் போப் பதின்மூன்றாம் லியோ, ஆங்கிலிக்கன் குருத்துவப் பட்டங்கள் செல்லாதவை என்று தீர்ப்புரைத்தார். அதே 1896ஆம் ஆண்டில்தான் திருநெல்வேலிக்கெனத் தனி ஆங்கிலிக்கன் பேராயம் அமைந்தது. திருநெல்வேலிச் சீமையில் சர்ச் மிஷன் சங்கமும் எஸ்.பி.ஜி. சங்கமும் ஒருபுறம், சேசு சபைக் குருமார் மறுபுறம் என இரு சாராரும் ஊர் ஊராகப் பள்ளியும் கோயிலும் கட்டிப் போட்டியிட்ட காலம் அது.

அப்போட்டியை உள்நாட்டுத் தமிழே காட்டிக்கொடுத்தது. ஒரு சாரார்க்குச் ‘சேசு’. மறு சாரார்க்கு ‘இயேசு’. அவர்களுக்கு அருளப்பர், இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர். இவர்களுக்கு யோவான், பேதுரு, பவுல், யோசேப்பு. அங்கே பூசை, இங்கே ஆராதனை. அங்கே சாமியார், இங்கே ஐயர். வாக்காளர் பட்டியலை ஒருமுறை புரட்டினால் போதும்: சூசை, சவரிமுத்து, அருளப்பன் என்ற பெயர்கள் எவ்வீட்டவை, தானியேல், சாமுவேல் என்ற பெயர்கள் எவ்வீட்டவை என்று ஊரார் எளிதில் சொல்லிவிடுவர். இரு சாரார்க்கும் பொதுவாக நின்ற சொற்கள் சிலவே. அவற்றுள் ‘உபதேசியார்’ என்பது ஒன்று.

இப்பிரிவினையோடுதான் தமிழர் மலை ஏறினர். 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி தோன்றியது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தனர். 1898இல் மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயம் எழுந்தது. உயர்மலைப் பகுதியின் முதற் கத்தோலிக்க ஆலயம் அதுவே. 2024இல் அது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. ஆங்கிலிக்கன் தரப்பில் முதலில் தோன்றியது கல்லறைத் தோட்டம். 1894இல் வாந்திபேதியால் மாண்ட ஒரு துரையின் இளம் மனைவி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அக்குன்றின் அடியில் கிறிஸ்து ஆலயத்துக்கு 1910இல் அடிக்கல் நாட்டப்பட்டது. துரைமார்க்கெனக் கட்டிய அவ்வாலயத்தில் பின்னர்த் தமிழ் ஆராதனையும் ஒலித்தது.

சித்தூர்ப் பக்கம் நிலைமை வேறு. அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் கோயமுத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்களாய் இருந்தனர். பாலக்காட்டுப் பகுதியில் சீர்திருத்த சமயத்தைப் பரப்பியதோ ஜெர்மானிய மொழி பேசிய பாசல் மிஷனார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அன்று முதல் பாசல் மிஷன் மரபினரும், மூணாற்று ஆங்கிலிக்கன் மரபினரும், நாகர்கோயிலின் லண்டன் மிஷன் மரபினரும் ஒரே பெயரால் அழைக்கப்படலாயினர். ஆதலின், இன்று நாம் ‘சி.எஸ்.ஐ.’ என்று கேட்கும்போது எல்லாரையும் ஆங்கிலிக்கர் என எண்ணிவிடலாகாது.

இனி அரசியலுக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1932க்குப் பின் எழுந்த நிவர்த்தனக் கிளர்ச்சியில் கிறிஸ்தவர், ஈழவர், முஸ்லிம்கள் கைகோத்துச் சட்டமன்றத்திலும் உத்தியோகத்திலும் பங்கு கேட்டனர். தேர்தல் என்ற ஒன்று வந்ததும், கோயில்களில் கூடாத கூட்டு அரசியல் மேடையில் கூடுவதை அன்றே மக்கள் கண்டனர். அடுத்து எழுந்தது மொழிப் பிரச்சினை. 1945இல் தோன்றிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் நேசமணி, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். தமிழர் பகுதிகளைச் சென்னை இராஜ்யத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. 1954இல் தேவிகுளத்தில் கிளர்ச்சி மூண்டது; அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் பெரும் பகுதியும் சென்னைக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியன கேரளத்தில் நின்றன. தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்காதவர், வந்து போகிறவர் என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மூன்று தலைமுறை அங்கே பிறந்து, அங்கேயே மாண்டு, இரு சபைகளின் கல்லறைகளிலும் உறங்கியவர்களையும் அச்சொல் தொட்டது என்பதை நாம் மறப்பதற்கில்லை.

1957இல் கேரளத்தின் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. தேவிகுளத்திலிருந்து கம்யூனிஸ்டு கட்சியின் ரோசம்மா புன்னூஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். காஞ்ஞிரப்பள்ளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். விடுதலைப் போராட்ட வீராங்கனை அக்கம்மா செறியானின் தங்கை. அபேட்சகர் ஒருவரின் மனு தவறாகத் தள்ளப்பட்டதால் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பாக, 1958 மே மாதத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பாவலர் வரதராசன் தம் தம்பி இளையராஜாவுடன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிச் சென்ற தேர்தல் அதுதான். அதே மே மாதம் 22ஆம் நாள், கேரளக் கல்வி மசோதாவைப் பற்றிக் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றம் விடையளித்தது. சிறுபான்மையினரின் கல்விச்சாலைகளைப் பற்றிய அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவை விளக்கிய அத்தீர்ப்பு இன்றும் மேற்கோளாக நிற்கிறது.

அம்மசோதாவைக் கொணர்ந்த கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரியும் கத்தோலிக்கரே. அதை முன்னின்று எதிர்த்தவர்கள் கத்தோலிக்க ஆயர்கள். 1959 ஜூன் 12ஆம் நாள் தொடங்கிய விமோசன சமரத்தில் நாயர் சேவை சங்கமும் ஏனைய கிறிஸ்தவ சபையினரும் அவர்களோடு சேர்ந்தனர். ஜூலை 31ஆம் நாள் மந்திரி சபை கலைக்கப்பட்டது. 1816 முதல் பள்ளிப் பணி புரிந்த சர்ச் மிஷன் மரபினர்க்கும் அக்கல்விச் சட்டத்தில் அக்கறை இருந்தது; ஆயினும் பள்ளிகளின் எண்ணிக்கையிலும் அரசியல் பலத்திலும் கத்தோலிக்கரே மேலோங்கி நின்றனர். பள்ளி நிர்வாகம் இல்லாத ஏழைத் தமிழ்த் தொழிலாளிக்கோ, அவன் எச்சபையினனாயினும், கூலியும் லயத்தின் ஓட்டைக் கூரையுமே முதற் கவலை. தேவிகுளத்து இடைத்தேர்தலில் ரோசம்மாவே மீண்டும் வென்றார் என்ற செய்தி, மலையில் பிரசங்க மேடையைவிடத் தொழிற்சங்க மேடை உரத்துப் பேசியது என்பதைக் காட்டுகிறது. 2015இல் மூணாற்றுப் பெண் தொழிலாளர் தாமே திரண்டு ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் போராடியபோது, தொழிற்சங்கத் தலைவர்களும் அதே கேள்விக்கு உள்ளாயினர்.

பின்வந்த காலத்தில் இரு சபைகளும் தம்முள் நெருங்கின. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒற்றுமை பற்றிய ஆணையை வெளியிட்டது. 1966இல் கான்டர்பரிப் பேராயர் மைக்கேல் ராம்சேயும் போப் ஆறாம் பவுலும் ரோமாபுரியில் கூட்டறிக்கை விடுத்தனர். தமிழில் அந்நெருக்கத்தின் கனி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். அருளப்பரும் யோவானும் அதில் ஒருவராயினர். சீர்திருத்த சபையார் பலர் பழைய மொழிபெயர்ப்பையே இன்றும் ஓதுகின்றனர் எனினும், இரு சாராரும் ஒரே பக்கத்தைத் திறக்க வழி பிறந்துவிட்டது. 2013இல் பாலக்காட்டு மாவட்டத்தின் இலத்தீன் கத்தோலிக்கர்க்கெனச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது. தமிழ் பேசுவோர் மிகுந்த அம்மறைமாவட்டத்தின் வரவால், சித்தூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் கோவையின் ஆட்சியிலிருந்து பிரிந்தனர். சித்தூரின் அரசியல் மேடைகளிலோ பரம்பிக்குளம்-ஆழியாற்றுத் தண்ணீரே பெரும்பேச்சாக இருந்து வந்திருக்கிறது.

இத்தனை நெருக்கத்துக்கும் இடையே, இரு சபைகளின் ஏழைகளையும் ஒருங்கே தாக்கிய ஓர் ஏடு உண்டு. அது 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்த குடியரசுத் தலைவரின் ஆதிதிராவிடர் பட்டியல் ஆணை. இந்து சமயத்தவரே பட்டியலினத்தவர் என்று அது வரையறுத்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் கத்தோலிக்க ஆலயத்தில் நிகழ்ந்தால் என்ன, ஆங்கிலிக்கன் ஆலயத்தில் நிகழ்ந்தால் என்ன, சட்டத்தின் முன் விளைவு ஒன்றே. ரோமாபுரிக்கும் கான்டர்பரிக்கும் இடையே நூற்றாண்டுகளாய் நின்ற வேற்றுமையை இவ்வாணை ஒரு வரியில் அழித்துவிட்டது. அதனால்தான் இரு தரப்புத் திருச்சபைகளும் ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாகச் சேர்ந்தே அனுசரித்து வந்திருக்கின்றன.

இவ்வாணை தேர்தலில் எப்படிப் புகும் என்பதை வெளி மாநிலத் தமிழர் முன்பே கண்டனர். 1967இல் மைசூர் இராஜ்யத்துக் கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் வென்ற இராஜகோபால், 1949இல் கிறிஸ்தவரானவர் என்ற காரணத்தால் பதவியிழந்தார். உச்ச நீதிமன்றம் 1968இல் அதனை உறுதிசெய்தது. 1972இல் மீண்டும் வென்றார். அவருடைய சமூகத்தார் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர் என்று கண்டு, 1975இல் அதே நீதிமன்றம் அவ்வெற்றியை ஏற்றது.

தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்று, கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்ற அ. ராஜாவின் வழக்கும் இத்தகையதே. அவர் கிறிஸ்தவர் என்றும், குண்டளையிலுள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் ஏடுகளே அதற்குச் சான்று என்றும் தோற்ற அபேட்சகர் வழக்காடினார். முன்னோர் தமிழகத்திலிருந்து எப்போது வந்தனர் என்ற கேள்வியும் எழுந்தது. 2023 மார்ச் 20ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, அவர் தேர்தல் செல்லும் என்றது. ஒருவரின் உள்ளத்து நம்பிக்கையை அளப்பது நம் வேலையன்று. தேயிலைக் காட்டின் நடுவே எங்கோ ஓர் உபதேசியார் எழுதிவைத்த ஞானஸ்நான ஏடு, ஒரு தொகுதியின் பிரதிநிதியை முடிவு செய்யும் சான்றாக மன்றத்தில் ஏறியது என்பதே நாம் எண்ணத்தக்கது.

புலம்பெயர்ந்த நம்மவர்க்கு இதில் நேரான பாடம் உண்டு. பட்டியலினத் தகுதி மாநிலந்தோறும் தனித்தனியே வரையறுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் உள்ள தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்துக்குத் தானே தொடராது என 1990இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே டில்லியிலோ பம்பாயிலோ வாழும் தமிழ்த் தொழிலாளி, சமயம் மாறாதவனாயினும், எல்லை கடந்த அளவிலேயே இக்கேள்வியைச் சந்திக்கிறான். சமயம் மாறியவனுக்கோ தடை இரண்டு.

இவ்வழக்குகளுக்குப் பின் ஆலய ஏடுகளைக் கண்டு எளியோர் அஞ்சும் நிலை வருமாயின், அது பெரும் இழப்பாகும். எந்த ஊரிலிருந்து வந்தனர், யாரை மணந்தனர், எந்த லயத்தில் மாண்டனர் என்று மலைத் தமிழரின் வரலாற்றைக் கம்பெனிக் கணக்குகளுக்கு அப்பால் எழுதிவைத்தவை அந்த ஏடுகளே. கத்தோலிக்க ஏடும் ஆங்கிலிக்கன் ஏடும் சேர்ந்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும். வந்து போகிறவர் என்று 1955இல் ஓர் அறிக்கை சொல்லிய மக்கள், வந்து வாழ்ந்தவர்கள் என்பதற்கு வலுவான சாட்சியும் அதுவே. இரு திருச்சபைகளும் அவற்றைச் செல்லரிக்காமல் காத்து, ஒருங்கே படியெடுத்து வைக்குமாயின், விவிலியத்தை ஒன்றாய் மொழிபெயர்த்ததற்கு நிகரான தொண்டு அது என்று நாம் கருதுகிறோம்.