கங்காணி முதல் காவல் நிலையம் வரை: பீர்மேட்டு மலையில் சட்டம் வந்த வழி

இங்கிலாந்தின் 'ஷெரீப்' என்ற பதவிப்பெயர், மாவட்டத்தைக் குறிக்கும் 'ஷையர்', அதிகாரியைக் குறிக்கும் 'ரீவ்' என்ற இரு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. மன்னருக்கு வரி தண்டுவது, குற்றவாளியைப் பிடிப்பது, நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்கக் கவுண்டிகளில் இன்றும் அந்தப் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தால் சென்னைக்கும் ஒரு ஷெரீப் வந்தார். பிற்காலத்தில் அது விருந்தினரை வரவேற்கும் அலங்காரப் பதவியாகச் சுருங்கிப்போனது. பீர்மேட்டு மலையிலுள்ள வண்டிப்பெரியாருக்கு ஷெரீப் என்று யாரும் வந்ததில்லை. ஆனால் வரியும் காவலும் ஒரே ஆளிடம் இருந்த காலம் இந்த மலைக்கும் உண்டு.

இந்த மலை அடங்கிய திருவிதாங்கூரில் 1811 முதல் 1814 வரை பிரிட்டிஷ் ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ, பழைய காரியக்காரர்களைத் தாசில்தார்களாக மாற்றினார். வரி வாங்கிய அதே தாசில்தாரே தாலுகாவின் காவலுக்கும் தலைவர். திவான் ராமய்யங்கார் காலத்தில், 1881-இல்தான் காவல்துறை தனியாகப் பிரிந்தது, ஓ. எச். பென்ஸ்லி அதன் முதல் கண்காணிப்பாளர் ஆனார். எழுதி வைத்த வரலாறு இவ்வளவு. மலையில் நடந்தது வேறு.

1860-களில் ஹென்றி பேக்கர் போன்றவர்கள் பீர்மேட்டில் காப்பி பயிரிட்டார்கள். இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. வேலைக்கு மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளின் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கு, குமுளி வழியாக மலையேறின. கூட்டி வந்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்தவர் அவரே. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இடம் ஒதுக்கியவரும், ஆள் ஓடிப்போனால் தேடிப் பிடித்தவரும், சண்டை வந்தால் பஞ்சாயத்துச் சொன்னவரும் அவரே. அவருக்கு மேலே துரை. காவலர், நடுவர், கடன் கொடுத்தவர் மூவரும் ஒருவரே என்றால் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவது?

கங்காணியின் இந்தப் பிடிக்குச் சட்டமும் துணை நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859-ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டத்தைப் பின்பற்றி 1865-இல் திருவிதாங்கூரும் ஒன்றை இயற்றிக்கொண்டது. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் அது கடன் பாக்கி அல்ல, குற்றம். அரசின் காவலர் தொழிலாளியின் வாழ்க்கைக்குள் முதலில் நுழைந்தது அவரைக் காக்க அல்ல, பிடித்துத் திருப்பி அனுப்பத்தான் என்பது என் கணிப்பு.

1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தான பெரியாறு குத்தகை இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். அணை சென்னை மாகாணத்துடையது, மண் திருவிதாங்கூருடையது. அதனால்தான் இன்றும் முல்லைப் பெரியாறு அணையைத் தமிழ்நாட்டின் நீர்வளத் துறை பராமரிக்க, காவலுக்குக் கேரளப் போலீஸ் நிற்கிறது.

1956-இல் எல்லை பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. நவம்பர் 1-இல் கேரளக் காவல்துறை உருவானது. லயத்தில் பேச்சு தமிழ், நிலையத்தில் எழுத்து மலையாளம் என்ற நிலை இனி மாறாது என்று ஆயிற்று.

அடுத்த ஆண்டு கேரளத்தில் பதவியேற்ற ஈ.எம்.எஸ். தலைமையிலான அரசு, தொழில் தகராறுகளில் முதலாளிக்குத் துணையாகப் போலீஸ் போகாது என்று அறிவித்தது. இந்தியாவில் அதுவரை எந்த மாநில அரசும் சொல்லத் துணியாத சொல். ஆனால் 1958 அக்டோபரில் மூணாறுத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது அதே அரசின் போலீஸ் சுட்டதில் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். கொள்கை திருவனந்தபுரத்தில் இருந்தது. துப்பாக்கி மலையில் இருந்தது.

1972 ஜனவரி 26-இல், பீர்மேட்டையும் உள்ளடக்கிய இடுக்கி தனி மாவட்டமானது. 2008-இல் தொடங்கிய 'ஜனமைத்ரி' திட்டம், வீடு வீடாகச் சென்று மக்களை அறியும் காவலரை அறிமுகம் செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2011 ஜனவரி 14 இரவு, மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டம் வண்டிப்பெரியார்ப் பக்கத்துப் புல்மேட்டில் நெரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே போதிய காவலர் இல்லை என்ற குற்றச்சாட்டே பெரிதாக எழுந்தது. 2021-இல் வண்டிப்பெரியார்த் தோட்டமொன்றில் சிறுமி கொலையுண்ட வழக்கில், 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. புலனாய்வின் ஓட்டைகளைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

லயங்களில் வாழும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசமைப்பின் 350-ஆவது பிரிவு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி அதைப் படித்துக் காட்டியாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலுக்குக் கட்டணம் கிடையாது. புரியாத மொழியில் எழுதிய தாளில் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.